முடிவு மட்டும் பொது

"அவனைச் சாப்பிட வச்சு அனுப்பு. இந்த வீட்டுல ஒருத்தி பட்டினியா அனுப்புனது போதும்."

மாமியார் இதைச் சொன்னது இளைய மருமகளிடம். ஆனால் பார்வை போனது அடுப்புக்கு முன்னால் நின்றிருந்த மூத்த மருமகளின் முதுகுக்கு. அந்த முதுகு அசையவில்லை. கரண்டி மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி கிளறத் தொடங்கியது.

இளையவள் தன் கணவனின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அவன் போதும் என்று கையால் மறைத்தான். "சாப்பிடுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நிலைமை புரிந்து, வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் போல அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். மூத்த மகன் செத்ததிலிருந்து அந்த வீட்டில் காலைச் சாப்பாடு இப்படித்தான். சாப்பிடுகிறவனுக்கும் தண்டனை, பரிமாறுகிறவளுக்கும் தண்டனை.

மூத்தவன் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் லிஃப்ட் ஓட்டியவன். அவன் கடைசியாக வேலைக்குப் போன காலையில் குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வாரக்கணக்காக ஒழுகிய குழாய். நாளைக்கு, நாளைக்கு என்று அவன் தள்ளிப்போட்டதில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஊர்ச் சரக்கையெல்லாம் ஏத்தி இறக்கத் தெரியுது, வீட்டுக் குழாயை மூடத் தெரியல!" என்றாள். அவன் தட்டைத் தொடாமல் எழுந்து போனான். எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதான். சாயங்காலம் வந்திருந்தால் குழாயைச் சரிசெய்துவிட்டு, ஸ்பானரை நீட்டி, "பார்த்தியா, மூடத் தெரியும்" என்று சொல்லியிருப்பான்.

அன்று மதியம் மேல்மாடியிலிருந்து லிஃப்ட் விழுந்தது. அவன் உள்ளே இருந்தான்.

விசாரணை நடத்திய துறை சுருக்கமாக ஒரு அறிவிப்பு வெளியிட்டது. விபத்துக்குக் காரணம் இயக்கியவரின் கவனக்குறைவு. செய்தித்தாளில் அது ஒரு மூலையில் வந்தது. மாமியார் அதை இளைய மகனிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "கவனம் எப்படிடா இருக்கும்? காலையில வாங்கிக் கட்டிக்கிட்டுல்ல போனான்?"

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்த அந்தச் சொல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மாமியார், இரண்டு மருமகள்கள், இளைய மகன், கவனக்குறைவு என்று ஐந்து பேர் அந்த வீட்டில் இருந்தார்கள் என்றே சொல்லலாம். மாமியார் கொடுமைக்காரி இல்லை. மூத்த மருமகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஈரத்துணி போட்டு விழித்திருந்தவள் அவள்தான். ஆனால் பெற்ற பிள்ளை காரணமில்லாமல் செத்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு தாயால் படுத்துறங்க முடியாது. காரணம் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் நின்று சமைத்துக்கொண்டிருந்தது. மாமியாரின் உறவினர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். புருஷன் செத்தால் பெண்டாட்டியிடம் கணக்குக் கேட்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

மூத்தவள் யாரிடமும் வாதாடவில்லை. வாதாட அவளிடம் ஒன்றுமில்லை. அவளே அதை நம்பினாள்.

இளையவள் வேலை பார்த்தது அரசின் பொது ஆவணப் பிரிவில். அந்தப் பிரிவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரசாங்கம் எழுதிவைத்த எதையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. எதற்குக் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. தர மறுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது அரசாங்கம். பூட்டியவன்தான் ஏன் பூட்டினேன் என்று சொல்ல வேண்டும், கதவைத் தட்டியவன் இல்லை. அந்தச் சட்டத்தின் அழகே அதுதான்.

எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவும் முடியாது. நோயாளியின் பெயர், சாட்சி சொன்னவரின் முகவரி, அடி தாங்காமல் புருஷன் மேல் புகார் கொடுத்தவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பது, இவையெல்லாம் வெளியே போகக்கூடாது. அவற்றை மறைப்பது இளையவளின் வேலை. பழைய தாள் கோப்புகளுக்கு அது கைவேலை. மூலத்தின் மேல் விரல்கூடப் படக்கூடாது. முதலில் ஒரு நகல் எடுப்பாள். மறைக்க வேண்டிய வரியின் மேல் தடித்த கறுப்பு மையால் இழுப்பாள். அதோடு விட்டால் மோசம். வெளிச்சத்தில் பிடித்தால் மைக்குக் கீழே எழுத்து தெரியும். அதனால் மை பூசிய நகலை மறுபடி நகல் எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது நகலில் எழுத்தும் மையும் ஒரே கறுப்பாகிவிடும், சூரியனுக்கு நேரே பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அதில்தான் முத்திரை விழும்.

விரலில் எப்போதும் கறை இருப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மையக்கா என்று பெயர். பெயர் வைத்தவன் பக்கத்து மேசை எழுத்தர். எந்தத் தாளைப் பார்த்தாலும் குத்திவிடுவதால் அவனுக்குக் குண்டூசி என்று பெயர். அதை வைத்தவள் அவள்.

அவளுக்கு அந்த வேலையில் பெருமை இருந்தது. ஒருத்தியின் முகவரியை மறைத்த அன்று வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் சொன்னாள். "ஒரு கோடுதாங்க்கா. ஆனா அந்தக் கோட்டுக்குப் பின்னாடி அவ நிம்மதியாத் தூங்கலாம்."

ஒருநாள் துணி உலர்த்தும்போது மூத்தவள் தானாக வாயைத் திறந்தாள்.

"தங்கச்சி, அந்த லிஃப்டைப் பார்த்துட்டுப் போனாங்கல்ல, அவங்க என்ன பார்த்தாங்கன்னு எழுதி வச்சிருப்பாங்களா?"

"எழுதாம இருப்பாங்களா? ஒவ்வொரு ஆணியையும் எழுதியிருப்பாங்க."

"கேட்டா குடுப்பாங்களா?"

"குடுத்துத்தான்க்கா ஆகணும். சட்டம்."

மூத்தவள் ஈரத்துணியை உதறினாள். "என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்ல. நான்தான்னா நான்தான். தெரிஞ்சா போதும்."

லிஃப்டைப் பற்றி இளையவளுக்குத் தெரியும். மூத்தவன் சாப்பாட்டு மேசையில் விளக்காமல் விட்ட நாளே இல்லை. கயிறு அறுந்தால் லிஃப்ட் விழும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள் என்பான். விழாது. லிஃப்டுக்கு மேலே ஒரு சின்னச் சக்கரம் அதன் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் சக்கரமும் வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தில் அதற்குள் இருக்கும் எடைகள் வெளியே விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். கொக்கி லிஃப்டின் அடியில் இருக்கிற இரண்டு இரும்புத் தாடைகளை இழுக்கும். பல் வைத்த தாடைகள். அவை பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்ததும் லிஃப்ட் அந்தரத்தில் அப்படியே நிற்கும். "ஓட்டுறவன் தூங்கினாலும், குடிச்சிருந்தாலும், பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருந்தாலும் அது கடிக்கும். அதுக்கு மனுஷனே வேண்டாம்" என்று கையால் கவ்விக் காட்டுவான். மாமியார் சிரிப்பாள். மூத்தவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். காது கொடுத்ததில்லை. இப்போது அதுவும் அவளுக்கு ஒரு குற்றம்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்று அந்தத் தாடைகள் ஏன் கடிக்கவில்லை? பரிசோதித்தவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

"சுருக்கமா எழுதுங்கக்கா" என்றாள் இளையவள். "இந்தக் கட்டடத்து லிஃப்டோட பரிசோதனைக் குறிப்பு நகல் வேணும். அவ்வளவுதான். நீங்க யாரு, எதுக்கு, ஒண்ணும் வேண்டாம்."

மூத்தவள் அப்படியே எழுதினாள். ஆனால் அனுப்புவதற்கு முன் அது மைத்துனன் கண்ணில் பட்டது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. "என்ன அண்ணி, கடன்காரன்கிட்டக் கேக்குற மாதிரி எழுதியிருக்கீங்க? அரசாங்கத்துக்கு எழுதுறோம், ஒரு மரியாதை வேணாமா?" என்று உட்கார்ந்து திருத்தினான். 'மேன்மை தங்கிய ஐயா அவர்களின் கருணையுள்ளம் கனிந்து, விபத்தில் இறந்த என் கணவருக்கு நீதி கிடைக்கும்பொருட்டு' என்று தொடங்கி, பணிந்து வணங்கி முடித்தான். அழகான கையெழுத்து. மூத்தவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. காலங்காலமாகக் கையேந்தியே பழகிய கை. உரிமையைக் கேட்கும்போதும் அது தானாகக் குவிந்துவிடுகிறது.

மனு பிரிவுக்கு வந்த பிறகுதான் இளையவள் பார்த்தாள். குண்டூசி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மையக்கா, யாரு இந்தக் கவிஞரு?"

"என் வீட்டுக்காரர்."

"போச்சு. இறப்புன்னும் நீதின்னும் ரெண்டு வார்த்தை இருக்கே. வழக்கு வரும்னு சட்டப் பிரிவுக்குல்ல அனுப்பணும்? சும்மா குறிப்பு வேணும்னு கேட்டிருந்தா இந்நேரம் கையில குடுத்திருப்பேன்."

"கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாமா?"

"பதிவாயிடுச்சே!"

மனு சட்டப் பிரிவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அது படுத்திருந்த காலத்தில்தான் சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதிகாரிகள் மனம்திறந்து கருத்து எழுத வேண்டுமானால் அந்தக் கருத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமாம். தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டுமாம். வீண்வம்புக்காகக் கேட்பவர்களால் அலுவலக நேரம் பாழாகிறதாம். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயம்போலத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் பூட்டு கைமாறியிருந்தது. இனி கேட்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். அளவீடுகள், சோதனைக் குறிப்புகள், அதிகாரிகளின் கருத்துகள் எல்லாம் உள்குறிப்பு. முடிவு மட்டும் பொது. ஏற்கெனவே வந்து காத்திருக்கும் மனுக்களுக்கும் இது பொருந்தும்.

பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். இளையவள் சொல்ல முடியாது, ஊழியர். மூத்தவளை எழுதச் சொன்னாள். மூத்தவள் கேட்டாள்: "நான் சொல்லி மாத்திடுவாங்களா?" ஆனாலும் எழுதினாள். தங்கள் கருத்து பெறப்பட்டது என்று பதில் வந்தது. ஒரு பிற்பகலில் குரல் வாக்கெடுப்பில் திருத்தம் நிறைவேறியது. அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த குண்டூசி, "நம்ம வீட்டுல டிவி எந்தச் சேனல் வைக்கலாம்னு முடிவு பண்ண இதைவிட நேரமாகும்" என்றான்.

கொஞ்ச நாளில் சட்டப் பிரிவிலிருந்து கோப்பு எழுந்து வந்தது. நேராக இளையவளின் மேசைக்கு.

அவள் அதை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனாள். "சார், இது எங்க வீட்டு விஷயம். என் ஓரகத்தி. நான் செய்யக்கூடாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோசமான மனிதர் இல்லை. ஓய்வுபெற அதிக காலம் இல்லாதவர். "கைவேலை தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதாம்மா. புதுச் சட்டப்படி போற முதல் கோப்பு, தப்பு வரக்கூடாதுங்கிறாங்க. வீட்டுக்குள்ளயே இருந்துட்டா நல்லதுதானே?"

அவள் மேசைக்குத் திரும்பிப் படித்தாள். மறைப்பவள் எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

தாடைகளில் பல் இல்லை. தேய்ந்து வழவழவென்றாகிவிட்டன என்று அளவோடு எழுதியிருந்தார் பரிசோதகர். முந்தைய பரிசோதனையிலேயே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், மாற்றவில்லை. மேலே இருக்கிற சின்னச் சக்கரம் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அது அடிக்கடி லிஃப்டை நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று கிடங்கில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது கடிக்கச் சொல்ல வேண்டியதின் வாயையும் கட்டி, கடிக்க வேண்டியதின் பல்லையும் தேயவிட்டிருந்தார்கள். மூத்தவன் விருந்து சாப்பிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாலும் அன்று அது விழுந்திருக்கும். பக்கம் பக்கமாக இதுதான். கடைசியில், வேறொரு கையெழுத்தில், மேலதிகாரி ஒருவர் 'முடிவு' என்று தலைப்பிட்டு ஒரே வரி எழுதியிருந்தார்: இயக்கியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் எனக் கருதலாம்.

அவள் மறுபடி அதிகாரியிடம் போனாள்.

"சார், அதிகாரியோட கருத்தை மறைக்கணும்னுதானே சட்டம்? இந்தக் கடைசி வரியிலயும் 'கருதலாம்'னுதான் இருக்கு. இதுவும் கருத்துதான். இதையும் மறைச்சுடறேன்."

அவர் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வரி கருத்துதான். ஆனா தலைப்பு முடிவுன்னு இருக்கேம்மா."

"தலைப்புக்காகவா சார்?"

"சட்டத்துல தலைப்புதான் இருக்கு."

"சரி, அப்ப ஒண்ணுமே குடுக்க வேண்டாம். மனு நிராகரிக்கப்பட்டதுன்னு எழுதிடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"பொதுவான பகுதியைத் தராம இருந்தா அது தப்பு" என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார். "மனுதாரருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துத்தான் ஆகணும்."

அவள் வந்து உட்கார்ந்து மை எடுத்தாள். தாடைகள் மேல் ஒரு கோடு. சக்கரத்தின் மேல் ஒரு கோடு. கம்பியின் மேல். மாற்றச் சொன்ன தேதியின் மேல். குண்டூசி ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் தாள்களுக்குத் திரும்பினான். முதல் நகலோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது; வெளிச்சத்தில் பிடித்தால் படித்துவிடலாமே. ஆனால் அதிகாரி ஒவ்வொரு தாளையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்துத்தான் முத்திரை போடுவார். எத்தனையோ வருடமாக அவர் தவறாமல் செய்கிற ஒரே வேலை அது. அவள் இரண்டாவது நகலும் எடுத்தாள்.

தபால் வந்த அன்று விடுமுறை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையைப் பிரித்தாள். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. கடைசித் தாளில் கை நின்றது. அவள் அதைப் படிக்கவில்லை, மைத்துனனிடம் நீட்டினாள்.

அவன் தன் அழகான உச்சரிப்பில் பாதி வரை படித்தான். மீதியை விழுங்கப் பார்த்தான்.

"முழுசாப் படிடா" என்றாள் மாமியார்.

படித்தான். மாமியார் ஜெயித்தவள்போல் ஒன்றும் செய்யவில்லை. தாளை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் முத்திரையைப் பார்த்தாள். அதை விரலால் தடவினாள். "முத்திரை போட்டே குடுத்துட்டாங்க" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

"அத்தை, அது இல்ல" என்று இளையவள் முன்னால் வந்தாள். வேலையில் சேரும்போது போட்ட உறுதிமொழி, போகக்கூடிய வேலை, எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "அந்தக் கறுப்புல இருக்குறதை நான் படிச்சிருக்கேன். லிஃப்டு கெட்டுப்போயிருந்துச்சு அத்தை. தாடையில பல்லே இல்ல. மாத்தச் சொல்லியும் மாத்தல."

மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "எங்க இருக்கு? காட்டு."

இளையவள் தாளைப் பார்த்தாள். காட்டுவதற்கு அதில் அவளுடைய கோடுகள்தான் இருந்தன.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பாத்திரம் தேய்க்கிறீங்க, ஒண்ணாத் துணி துவைக்கிறீங்க. ஒண்ணாத்தானே பேசுவீங்க" என்றாள் மாமியார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் மூத்தவள் கொல்லையில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இளையவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அத்தை நம்ப வேண்டாம். நீங்க நம்புங்க. என் கண்ணால படிச்சேன். மாமா அன்னைக்கு என்ன மனசோட போயிருந்தாலும் அது விழுந்துதான் இருக்கும். நீங்க சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

மூத்தவள் ஒரு போர்வையின் நுனியை இவளிடம் கொடுத்தாள். இருவரும் இழுத்துப் பிடித்து மடித்தார்கள். பிறகு மூத்தவள் இளையவளின் கன்னத்தைத் தொட்டாள்.

"உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு."

"மனசு இல்லக்கா. எழுதியிருந்துச்சு!"

"லிஃப்டைப் பத்தின்னா அதை எதுக்கு மறைக்கணும்? இரும்புக்கு என்ன மானமா போயிடும்? மனுஷங்க விஷயத்தைத்தானே நீங்க மறைப்பீங்க." அவள் குரல் மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் இருந்தது. "கூட வேலை பார்த்தவங்ககிட்டப் புலம்பியிருப்பாரு. சாப்பிடல, வீட்டுல சண்டைன்னு. அவங்க சாட்சி சொல்லியிருப்பாங்க. அத்தை கண்ணுல படக்கூடாதுன்னுதானே நீ பூசிட்டே?"

"ஐயோ, இல்லக்கா! சத்தியமா இல்ல!"

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

இளையவள் என்ன சொன்னாலும் அது இன்னொரு நல்ல மனசாகத்தான் போய்ச் சேரும். தெரிந்த உண்மை முழுவதும் நாக்கில் இருந்தது. நம்பவைக்க ஒரு வரிகூடக் கையில் இல்லை.

"பக்கம் பக்கமா இருந்துச்சே தங்கச்சி" என்றாள் மூத்தவள். "அவ்வளவா பேசிட்டுப் போயிருக்காரு என்னைப் பத்தி?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மடித்த துணிகளை அடுக்கி மார்போடு தூக்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அதைப் படிச்சிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன். நல்லவேளை, அந்த வேலையில நீ இருந்தே."